ஒரு டிஸ்க் போன பிறகு வரும் மணிநேரங்கள்

1987ஆம் ஆண்டின் கடைசியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்ற மூவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அன்றைய பெரிய கணினிகளுக்கு ஐபிஎம் விற்றுவந்த 3380 வகை டிஸ்க்கில் 7,500 மெகாபைட் கொள்ளும். அதன் பெட்டி 24 கன அடி இடத்தை அடைத்துக்கொண்டு 6,600 வாட் மின்சாரம் இழுக்கும். மேசைக் கணினிகளுக்காகக் கானர் நிறுவனம் செய்த சிபி3100 டிஸ்க்கில் 100 மெகாபைட்தான் கொள்ளும். ஆனால் 10 வாட் போதும், கையில் எடுத்துச் செல்லலாம். சிறியவற்றில் நூறைச் சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன? கொள்ளளவு பெரியதை மிஞ்சும், நூறு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் படிக்கும், மின்செலவும் குறையும். ஆயுள்தான் இடித்தது. ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் ஓடும் என்றால், நூறில் ஏதோ ஒன்று பழுதாக 300 மணி நேரம் போதும். இரண்டு வாரம்கூட இல்லை.

அந்தச் சிக்கலுக்கான விடையாக வந்ததுதான், பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக இயக்கும் ரெய்டு. 1988 ஜூனில் சிகாகோவில் நடந்த சிக்மாட் மாநாட்டில் வெளியான அவர்களுடைய கட்டுரை, பழுதைத் தாங்கும் ஐந்து அமைப்பு முறைகளை 1 முதல் 5 வரை எண்ணிட்டு வரிசைப்படுத்தியது. யோசனையின் வேர் இன்னும் பழையது. ஐபிஎம்மில் பணியாற்றிய நார்மன் கென் ஔச்சி, பழுதான ஒரு சேமிப்பகத்தின் தரவை மற்றவற்றைக் கொண்டு மீட்கும் முறைக்கு 1978லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். பெர்க்லிக்காரர்களின் பங்கு வேறு. சிதறிக் கிடந்த உத்திகள் எல்லாவற்றையும் அவர்கள் ஒரே தராசில் நிறுத்தார்கள்: எவ்வளவு இடம் செலவாகிறது, எவ்வளவு வேகம் கிடைக்கிறது, தரவு எவ்வளவு காலம் பிழைக்கும்.

இன்றும் ரெய்டு பற்றிய அறிமுகங்கள் இந்த மூன்றையும் ஓர் அட்டவணையில் போட்டுவிட்டு நின்றுவிடுகின்றன. கடையில் நாலு டிஸ்க் போடும் நாஸ் என்ற வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி வாங்குபவரும் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். அதில் இடம்பெறாத இன்னொரு கணக்கே எனக்கு முதன்மையாகப் படுகிறது. ஒரு டிஸ்க் போன பிறகு, அதன் தரவு முழுவதும் புது டிஸ்க்கில் திரும்ப எழுதி முடிய எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தில் மற்ற டிஸ்க்குகள் என்ன பாடு படும்? கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் ரெய்டு பற்றி எழுந்த விவாதங்களில் பெரும்பகுதி இந்த ரீபில்ட் நேரத்தைப் பற்றியதுதான் என்று சொல்லத் துணிகிறேன்.

அடிப்படையை முதலில் முடித்துவிடுவோம். தரவைத் துண்டுதுண்டாக்கி எல்லா டிஸ்க்கிலும் மாறி மாறி எழுதினால் அது ஸ்ட்ரைப். ரெய்டு 0 என்பார்கள். வேகம் முழுமை, இடம் முழுமை, பாதுகாப்பு அறவே இல்லை. ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் எழுதினால் அது மிரர், ரெய்டு 1. இந்த ஜோடிகள் பலவற்றின் மேல் ஸ்ட்ரைப் போட்டால் ரெய்டு 10. இவற்றில் கணிதம் எதுவும் இல்லை. மிரர் வேண்டுமென்றால் பாதி இடத்தைக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவே.

கணிதம் பாரிட்டியில் வருகிறது. மூன்று டிஸ்க்குகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 என்ற பிட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது டிஸ்க்கில் ஒரு பிட் எழுத வேண்டும். அதையும் சேர்த்தால் வரிசையில் உள்ள 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வர வேண்டும். இங்கே ஏற்கெனவே இரண்டு 1 இருப்பதால் பாரிட்டி 0. இப்போது இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டது. மிச்சம் இருப்பவை 1, 1, பாரிட்டி 0. எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருப்பதால் தொலைந்த பிட் 0. எட்டு டிஸ்க் இருந்தாலும் இருபது இருந்தாலும் இதே கணக்குத்தான். ஒரே ஒரு டிஸ்க்கின் இடத்தைக் கொடுத்து, எந்த ஒரு டிஸ்க் போனாலும் மீட்டுவிடலாம்.

பெர்க்லிக் கட்டுரையின் ரெய்டு 2 ஹாமிங் என்ற பிழைதிருத்தக் குறியீட்டைப் பயன்படுத்தியது, ரெய்டு 3 எல்லா டிஸ்க்கையும் ஒன்றாகவே இயக்கியது; இரண்டும் இன்று வழக்கில் இல்லை. ரெய்டு 4 பாரிட்டியைத் தனி டிஸ்க்கில் வைத்தது. எழுதும்போதெல்லாம் எல்லோரும் அந்த ஒரு டிஸ்க்கின் வாசலில் காத்திருக்க நேர்ந்தது. ரெய்டு 5 பாரிட்டியை எல்லா டிஸ்க்குக்கும் பங்கிட்டுக் கொடுத்து அந்தக் கூட்டத்தைக் கலைத்தது. உலகம் முழுவதும் சர்வர் அறைகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் கோலோச்சியது இதுதான்.

ஒரு எழுத்துக்கு நான்கு வேலை

வேகத்தின் விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று எண்களோடு பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. தேவையான இடம் சராசரியாக அரைச் சுற்றில் வரும்: 4.2 மில்லிநொடி. அதற்கு முன் டிஸ்க்கின் தலை சரியான தடத்துக்கு நகர ஏறத்தாழ 8 மில்லிநொடி. ஆக, எங்கோ ஓரிடத்தில் உள்ள சிறு துண்டை எடுக்க 12 மில்லிநொடி. நொடிக்குச் சுமார் 80 வேலை. இப்படி எட்டு டிஸ்க், ஒவ்வொன்றும் 10 டெராபைட். படிப்பதற்கு எந்த ரெய்டு ஆனாலும் நொடிக்கு 640 வேலைக்கு அருகில் கிடைத்துவிடும்.

எழுதும்போதுதான் வித்தியாசம் தெரியும். ரெய்டு 10இல் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு டிஸ்க்குக்குப் போக வேண்டும், எனவே 320. ரெய்டு 5இல் ஒரு சிறு துண்டை மாற்றப் பழைய தரவைப் படிக்க வேண்டும், பழைய பாரிட்டியைப் படிக்க வேண்டும், புதுத் தரவை எழுத வேண்டும், புதுப் பாரிட்டியை எழுத வேண்டும். ஒரு எழுத்துக்கு நான்கு வேலை. 640 என்பது 160 ஆகிவிடுகிறது. இரண்டு பாரிட்டி வைக்கும் ரெய்டு 6இல் ஆறு வேலை, 106தான் மிஞ்சும். கொள்ளளவோ தலைகீழ்: ரெய்டு 10இல் 40 டெராபைட், ரெய்டு 6இல் 60, ரெய்டு 5இல் 70.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு ரெய்டு 5 மெதுவானது என்று முடிவுகட்டினால் தப்பு. சிசிடிவி பதிவு, வீடியோ எடிட்டிங், பேக்கப் போன்றவை நீளமாகத் தொடர்ந்து எழுதும் வேலைகள். ஒரு முழு வரிசையையும் ஒரே மூச்சில் எழுதினால் பழையதைப் படிக்கவே தேவையில்லை. ஏழு பங்கு தரவுக்கு ஒரு பங்கு பாரிட்டிதான் கூடுதல். அந்த இடத்தில் ரெய்டு 5, ரெய்டு 10ஐ முந்திவிடும். வங்கிக் கணக்கு, பில்லிங், டிக்கெட் முன்பதிவு போன்ற டேட்டாபேஸ் வேலைகள் எங்கெங்கோ சிறுசிறு துண்டாக எழுதுபவை. நான்கு மடங்குச் சுமை உறைப்பது அங்கேதான். எனவே எந்த ரெய்டு வேகமானது என்று கேட்பதற்கு முன், எழுதப்போவது யார், எப்படி எழுதுவார் என்று கேட்க வேண்டும்.

ஃபைல் சிஸ்டத்தைத் தெரிந்து வடிவமைத்தால் விதியே மாறிவிடும் என்பதற்கு நல்ல சாட்சி நெட்ஆப் என்ற சேமிப்பக நிறுவனம். டேவ் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் மூவரும் 1994இல் எழுதிய கட்டுரை, எல்லோரும் கைவிட்ட ரெய்டு 4ஐயே எடுத்துக்கொண்டதை விளக்குகிறது. அவர்களுடைய ஃபைல் சிஸ்டம் பழைய இடத்தில் திருத்தி எழுதாது. எழுத வேண்டியதைச் சேர்த்துவைத்து, காலியான இடத்தில் முடிந்தவரை முழு வரிசையாக எழுதும். பாரிட்டி டிஸ்க்கின் வாசலில் கூட்டமே சேரவில்லை. தனிப் பாரிட்டி டிஸ்க் இருந்ததால், புது டிஸ்க்கைச் சேர்த்து இடத்தைப் பெருக்குவதும் சுலபமாயிற்று.

ரெய்டை இயக்கும் கன்ட்ரோலர்களில் கேஷ் நினைவகம் உள்ளவையும் இந்தச் சுமையை மறைக்கும். எழுத்தை வாங்கி நினைவகத்தில் வைத்துக்கொண்டு உடனே முடிந்தது என்று சொல்லிவிடும். பிறகு ஆற அமர டிஸ்க்கில் இறக்கும். மின்சாரம் போனால் அந்த நினைவகத்தைக் காக்கப் பேட்டரி வேண்டும். அந்தப் பேட்டரி தேய்ந்துவிட்டால், பல கன்ட்ரோலர்கள் பாதுகாப்புக்காக இந்த வசதியைத் தாமே நிறுத்திவிடும். திடீரென்று சர்வர் மந்தமாகிவிட்டது என்று புகார் வந்தால் பார்க்க வேண்டிய முதல் இடங்களில் இது ஒன்று.

நூறு நொடியும் இருபத்தெட்டு மணி நேரமும்

பெர்க்லிக் கட்டுரையின் சிபி3100க்குத் திரும்புவோம். அது நொடிக்கு 1 மெகாபைட் வேகத்தில் தரவைத் தரும். 100 மெகாபைட்டையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்க 100 நொடி. இரண்டு நிமிடம்கூட இல்லை. இன்று 20 டெராபைட் டிஸ்க் ஒன்று நொடிக்கு 200 மெகாபைட் என்ற நல்ல வேகத்தில் ஓடினாலும், முழுதாகப் படிக்க ஒரு லட்சம் நொடி வேண்டும்: ஏறத்தாழ 28 மணி நேரம். கொள்ளளவு இரண்டு லட்சம் மடங்கு பெருகியது, வேகம் இருநூறு மடங்குதான் கூடியது. ரெய்டின் கதையில் இதைவிட முக்கியமான இரு எண்கள் இல்லை.

அந்த 28 மணி நேரமும் தொகுப்பு வேறு வேலையே செய்யாமல் இருந்தால்தான். அலுவலகம் நடந்துகொண்டிருக்கும்போது ரீபில்ட் பின்னணியில் மெல்ல நகரும். பல நாள் இழுக்கும். 2020இல் இன்னொரு கோணத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது. தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க்குகள், பெட்டியிலோ விவரத்தாளிலோ சொல்லப்படாமல் நாஸ் பயன்பாட்டுக்கென்றே விற்கப்பட்டது தெரியவந்தது. அன்றாட வேலையில் அவை சமாளித்தன. ரீபில்ட்டில் மணிக்கணக்கில் முடிய வேண்டியது நாள்கணக்காயிற்று. சில தொகுப்புகள் அந்த டிஸ்க்கைப் பழுதானதென்றே தள்ளிவிட்டன.

ரெய்டு 5இல் இந்த நேரம் முழுவதும் மிச்சமுள்ள எல்லா டிஸ்க்கையும் ஒரு பிட் விடாமல் படிக்க வேண்டும். அங்கேதான் அடுத்த சிக்கல். டிஸ்க் முழுதாகச் சாகாமலேயே அதன் சிறு பகுதியான செக்டர் ஏதோ ஒன்று படிக்க முடியாமல் போகலாம். சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், 10^14 பிட் படித்தால் இப்படி ஒன்றுக்கு மேல் வராது என்று போட்டிருப்பார்கள். அது 12.5 டெராபைட். நான்கு டெராபைட் டிஸ்க் ஐந்து கொண்ட ரெய்டு 5இல் ஒன்று போனால் 16 டெராபைட் படிக்க வேண்டும். விவரத்தாளை எழுத்துக்கு எழுத்து நம்பினால், ரீபில்ட் பிழையில்லாமல் முடிய நான்கில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். 2007இல் ராபின் ஹாரிஸ் என்ற எழுத்தாளர் இந்தக் கணக்கை வைத்து, 2009இல் ரெய்டு 5 வேலை செய்வதை நிறுத்திவிடும் என்று எழுதினார். பெரும் பரபரப்பு.

அந்த ஆரூடம் அப்படியே பலிக்கவில்லை. விவரத்தாள் எண் ஓர் உச்சவரம்பு. நடைமுறையில் பெரும்பாலான டிஸ்க்குகள் அதைவிட எவ்வளவோ மேல். ஒரு செக்டர் போனால் ஒரு கோப்புதான் போக வேண்டும், தொகுப்பே போக வேண்டியதில்லை. ஆனால் பழைய கன்ட்ரோலர்கள் பல, ஒரு பிழை கண்டதும் ரீபில்ட்டையே கைவிட்டன. ஆக, அளவில் மிகைப்படுத்தல் இருந்தது, திசையில் தவறு இல்லை என்பது என் கணிப்பு. டிஸ்க்கின் கொள்ளளவு கூடக்கூட ஒற்றைப் பாரிட்டியின் பாதுகாப்பு மெலிந்துகொண்டே போகிறது.

இந்தச் செக்டர் பிழைகள் கற்பனையல்ல. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லட்சுமி பைரவசுந்தரமும் உடனாய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 15.3 லட்சம் டிஸ்க்குகளை 32 மாதங்கள் கவனித்தது. 3.45 விழுக்காட்டு டிஸ்க்குகளில் இப்படி மறைந்து கிடக்கும் பிழை தென்பட்டது. யாரும் படிக்காத பழைய கோப்பில் அது மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். ரீபில்ட் வந்து எல்லாவற்றையும் படிக்கும்போது, மீட்க வழியில்லாத நேரம் பார்த்து வெளிப்படும். மருந்து எளிது. தொகுப்பு நலமாக இருக்கும்போதே அவ்வப்போது எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, கெட்டதைப் பாரிட்டியிலிருந்து சரிசெய்துவிட வேண்டும். ஸ்கிரப் என்பார்கள். டெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு கடந்து 12.57க்கு இந்தச் சோதனை தானாகத் தொடங்கும்படி பல ஆண்டுகளாகவே ஏற்பாடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்வர் ஏன் உறுமுகிறது என்று சிலர் அதை நிறுத்திவிடுவதுண்டு. அப்படிச் செய்யாதீர்கள்.

சேர்ந்து சாகும் டிஸ்க்குகள்

எட்டு டிஸ்க் தொகுப்பில் ஒன்று போய் 28 மணி நேரம் ரீபில்ட் நடக்கிறது. ஆண்டுக்கு 1.5 விழுக்காட்டு டிஸ்க்குகள் பழுதாகும் என்று கொண்டால், மிச்சம் ஏழில் ஒன்று அந்த நேரத்துக்குள் போக வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை, மூவாயிரத்தில் ஒன்று. பிறகு ஏன் இத்தனை பேர் தரவை இழக்கிறார்கள்?

ஒவ்வொரு டிஸ்க்கும் மற்றவற்றோடு தொடர்பில்லாமல் தனித்தனியாகப் பழுதாகும் என்ற அனுமானத்தில் நிற்கும் கணக்கு அது. 1988 கட்டுரையும் அதே அனுமானத்தில்தான் கணக்கிட்டது. ரெய்டின் தந்தையரில் ஒருவரான கார்த் கிப்சனே பியான்கா ஷ்ரோடருடன் சேர்ந்து 2007இல் இதைச் சோதித்தார். சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் மாற்றுப் பதிவேடுகளைப் பார்த்தார்கள். தயாரிப்பாளர்களின் விவரத்தாள்படி ஆண்டுக்கு அதிகபட்சம் 0.88 விழுக்காடு பழுதாக வேண்டும். களத்தில் 2 முதல் 4 விழுக்காடு சாதாரணம், ஓரிடத்தில் 13 விழுக்காடு வரை. அதைவிடக் கவலை தந்தது வேறொன்று. ஒரே மணி நேரத்துக்குள் இரண்டு டிஸ்க் பழுதாகும் வாய்ப்பு, தனித்தனிப் பழுது என்ற அனுமானம் சொல்வதைப்போல் நான்கு மடங்கு. தன் கட்டுரையின் அடித்தள அனுமானத்தைத் தானே களத்தில் கொண்டுபோய் உரசிப்பார்த்த அந்த நேர்மையை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

காரணம் யோசித்தால் புரியும். எட்டு டிஸ்க்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வாங்கியவை. ஒரே பெட்டியில், ஒரே வெப்பத்தில், ஒரே மின்சாரத்தில், ஒரே அதிர்வில் ஓடியவை. தொகுப்பின் வேலையையும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டவை. ஒன்று தேய்ந்திருந்தால் மற்றதும் தேய்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ரீபில்ட் வந்து, வாழ்நாளில் இல்லாத ஓட்டம் ஓடவைக்கும்.

இதன் உச்சம் 2019 நவம்பரில் தெரிந்தது. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகங்களில் சில வகைகளின் உள்மென்பொருளில் பிழை இருப்பதாக எச்பிஇ நிறுவனம் அறிவித்தது. மின்சாரம் ஏறி 32,768 மணி நேரம் ஆனதும் அந்த எஸ்எஸ்டி செத்துவிடும், தரவும் மீளாது. 32,768 மணி நேரம் என்பது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். தொகுப்பில் எல்லாமே ஒரே நாளில் இயக்கப்பட்டவை என்றால், எல்லாமே ஒரே நேரத்தில் போகும். அங்கே பாரிட்டி ஒன்று வைத்தாலென்ன, மூன்று வைத்தாலென்ன? அறிவிப்பைப் படித்து உள்மென்பொருளைப் புதுப்பித்தவர்கள் தப்பித்தார்கள். எஸ்எஸ்டி வந்ததால் ரீபில்ட் வேகமாகிவிட்டது உண்மைதான். சேர்ந்து சாகும் ஆபத்து அவற்றோடும் வந்திருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் துறை கண்ட முதல் விடை இரட்டைப் பாரிட்டி. ஒரு டிஸ்க் போய் ரீபில்ட் நடக்கும்போது இன்னொன்று போனாலும், ஒரு செக்டர் கெட்டாலும் தாங்கும். வெறும் இரட்டைப்படைக் கணக்கை இரண்டு முறை போட்டால் இரண்டாவது டிஸ்க்கை மீட்க முடியாது. வேறுவகைச் சமன்பாடு ஒன்று வேண்டும். இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் 1960இல் தந்த குறியீட்டில் அது ஏற்கெனவே இருந்தது. ஆனால் அன்றைய செயலிகளுக்கு அந்தப் பெருக்கல் பாரம். ஐபிஎம்மில் மரியோ பிளாம், ஜிம் பிரேடி, ஜெஹோஷுவா பிரக், சென்னை ஐஐடியில் படித்த ஜெய் மேனன் ஆகியோர் 1990களின் நடுவில் ஈவன்ஆட் என்ற முறையைக் கொடுத்தார்கள். பாரிட்டியைக் கிடையாக ஒருமுறை, மூலைவாட்டில் ஒருமுறை எடுத்தால் போதும், பெருக்கலே வேண்டாம். 2004இல் நெட்ஆப் அதே வழியில் இன்னும் சிக்கனமான ஒன்றைச் செய்தது. சன் நிறுவனத்தின் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் 2009இல் மூன்று பாரிட்டிக்குப் போயிற்று.

இசட்எஃப்எஸ் இன்னொரு பழைய ஓட்டையையும் அடைத்தது. ரெய்டு 5இல் தரவை எழுதிப் பாரிட்டியை எழுதுவதற்குள் மின்சாரம் போனால் இரண்டும் ஒட்டாமல் போகும். யாருக்கும் தெரியாது. பிறகு ஒரு டிஸ்க் போகும்போது அந்தத் தவறான பாரிட்டியிலிருந்து தவறான தரவு பிறக்கும். இசட்எஃப்எஸ் பழையதன்மேல் எழுதுவதே இல்லை. ஒவ்வொரு பிளாக்கையும் அதற்கான பாரிட்டியோடு புது இடத்தில் முழு வரிசையாக எழுதுகிறது, பிழையைக் கண்டுபிடிக்கச் செக்சம்மும் வைக்கிறது. இதற்கும் விலை உண்டு. ஒரு பிளாக் எல்லா டிஸ்க்கிலும் சிதறிக் கிடப்பதால், அங்குமிங்கும் சிறு துண்டாகப் படிக்கும்போது அந்தத் தொகுப்பு முழுவதும் ஒரே ஒரு டிஸ்க்கின் வேகத்தையே தரும். எட்டு டிஸ்க் போட்டோம், 640 வரும் என்று டேட்டாபேஸை ஏற்றியவர்கள் 80ஐப் பார்த்து மலைத்ததுண்டு. இன்னொரு பக்கம், பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தின் ரெய்டு 5, 6 இந்த ஓட்டையை இன்னும் முழுதாக அடைக்கவில்லை. அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

பெட்டியைத் தாண்டி

பாரிட்டியைக் கூட்டுவது ஒரு வழி. ரீபில்ட் நேரத்தையே குறைப்பது இன்னொரு வழி. எனக்குப் பிடித்தது இரண்டாவது. மார்க் ஹாலந்தும் கார்த் கிப்சனும் 1992இலேயே இதை ஆராய்ந்து எழுதினார்கள். பத்து டிஸ்க் கொண்ட தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்காமல், நூறு டிஸ்க்கிலும் வரிசைகளைக் கலந்து பரப்பிவிட வேண்டும். இதோடு, உதிரிக்கென்று ஒரு டிஸ்க்கைச் சும்மா வைக்காமல், உதிரி இடத்தையும் எல்லாவற்றிலும் பரப்பலாம். ஒன்று போனால் தொண்ணூற்றொன்பதும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கும், கொஞ்சம் கொஞ்சம் எழுதும். ஒற்றை டிஸ்க்கின் எழுதும் வேகம் தடையாக நிற்காது. பெரிய நிறுவனச் சேமிப்பகங்களில் இது நெடுநாளாக உண்டு. 2021இல் ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.1இல் டிரெய்டு என்ற பெயரில் எல்லோருக்கும் கிடைத்தது.

இணைய நிறுவனங்கள் பெட்டி என்ற எல்லையையே விட்டுவிட்டன. ஃபேஸ்புக்கின் புகைப்படக் கிடங்கு ஒரு காலத்தில் மூன்று நகல் வைத்தது, ஒவ்வொன்றும் ரெய்டு 6 மேல். ஒரு டெராபைட் தரவுக்கு 3.6 டெராபைட் டிஸ்க். அடிக்கடி யாரும் பார்க்காத பழைய படங்களை எஃப்4 என்ற அமைப்புக்கு மாற்றியதை 2014இல் எழுதினார்கள். பத்துத் துண்டு தரவு, நான்கு துண்டு பாரிட்டி, அதற்குமேல் டேட்டா சென்டர்களுக்கு இடையிலும் ஒரு பாரிட்டி. செலவு 2.1க்கு இறங்கியது. ஒரு டேட்டா சென்டரே போனாலும் தரவு நிற்கும். மைக்ரோசாஃப்ட் அஷூர் 2012இல் வேறொரு சமரசம் செய்தது. பன்னிரண்டு தரவுத் துண்டுகளை ஆறு ஆறாகப் பிரித்து ஒவ்வொரு பாதிக்கும் ஓர் உள்ளூர்ப் பாரிட்டி, மொத்தத்துக்கும் இரண்டு. ஒரு துண்டு போனால் பன்னிரண்டைப் படிக்க வேண்டாம், ஆறு போதும். ரீபில்ட்டை இலகுவாக்க ஒரு பாரிட்டி கூடுதலாகச் செலவழித்தார்கள்.

அந்தக் கூடுதல் செலவும் இல்லாமல் ரீபில்ட்டில் படிக்கும் அளவைக் குறைக்க முடியுமா என்ற கேள்விக்கு இந்தியாவிலிருந்தும் விடை வந்தது பெருமைக்குரியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி. விஜயகுமாரின் குழு இந்தத் துறையில் பல ஆண்டுகள் உழைத்தது. மைனா வஜ்ஜா முதல் ஆசிரியராக 2018இல் வெளியான கிளே குறியீடு, இடத்தில் ரீடு-சாலமன் அளவே சிக்கனம். ஆனால் ஒரு துண்டு போகும்போது மற்ற ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பங்கைப் படித்தால் போதும். செஃப் என்ற திறந்தமூலச் சேமிப்பு மென்பொருளில் அது சேர்க்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற நிலையில் இருக்கிறது.

இவ்வளவும் டிஸ்க் பழுதுக்கு எதிரான காப்பு மட்டுமே. தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு எல்லா டிஸ்க்கிலும் நேர்த்தியாக அழிக்கும். ரான்சம்வேர் பூட்டியதை எல்லா மிரரிலும் பூட்டும். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜியான் நகரில் அரசின் டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீ பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைத்த ஜி-டிரைவ் அமைப்பு எரிந்தது, 858 டெராபைட். வெளியே நகல் இல்லை. கொள்ளளவு பெரிது, வேகம் குறைவு என்பதால் வெளி நகல் எடுக்கும் ஏற்பாடு இல்லாமல் இருந்தது என்று அதிகாரிகள் விளக்கினார்கள். கொள்ளளவு, வேகம், பாதுகாப்பு என்ற இதே மூன்றில், பாதுகாப்பை விட்டுக்கொடுத்த கணக்கு அது.

எதைத் தேர்வது

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பல டெராபைட் டிஸ்க்குகளில் புதிதாக ரெய்டு 5 போடுவதற்கு இன்று காரணம் இல்லை. இழந்தாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய தரவுக்கு மட்டும் விதிவிலக்கு. டேட்டாபேஸுக்கும் மெய்நிகர் கணினிகளுக்கும் ரெய்டு 10. ரீபில்ட்டில் ஜோடி டிஸ்க் ஒன்றை மட்டும் படித்தால் போதும், மற்றவை நிம்மதியாக வேலையைப் பார்க்கும். எட்டு டிஸ்க்கில் இரண்டாவதாக ஒன்று போனாலும் அது அதே ஜோடியாக இருக்க ஏழில் ஒரு வாய்ப்புத்தான். வீடியோ, புகைப்படம், ஆவணக் கிடங்கு என்றால் இரட்டைப் பாரிட்டி. நாலு டிஸ்க் நாஸ் வைத்திருக்கும் போட்டோ ஸ்டூடியோக்காரர் ரெய்டு 6 போட்டாலும் ரெய்டு 10 போட்டாலும் பாதி இடம் போகும். ரெய்டு 6 எந்த இரண்டு போனாலும் தாங்கும், எழுதுவதில் மெதுவு. பெரிய கோப்புகளை மட்டும் ஏற்றுபவருக்கு அதுவே நல்லது. இரண்டே டிஸ்க் என்றால் மிரர், வேறு யோசனை வேண்டாம். முடிந்தால் டிஸ்க்குகளை வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளிலிருந்து வாங்குங்கள். எந்த வகை ஆனாலும் இன்னொரு கட்டடத்தில் ஒரு நகல்.

ஏற்கெனவே ரெய்டு 5இல் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு டிஸ்க் போனதும் பதறி உடனே புதியதைச் செருகி ரீபில்ட்டைத் தொடங்காதீர்கள். பேக்கப் இல்லையென்றால், அந்த நொண்டி நிலையிலேயே தேவையான கோப்புகளை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். ரீபில்ட் எல்லாவற்றையும் படிக்கும், நீங்கள் முக்கியமானதை மட்டும் படிக்கலாம். பிறகு, கழற்றப்போவது பழுதான டிஸ்க்தானா என்று திரையில் உள்ள வரிசை எண்ணை டிஸ்க்கின் லேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல டிஸ்க்கைக் கழற்றியதால் போன தொகுப்புகள் ஏராளம். இதற்கெல்லாம் முன்னால், டிஸ்க் போனது உங்களுக்குத் தெரியவர வேண்டும். எச்சரிக்கை மின்னஞ்சல் பழைய, யாரும் பார்க்காத முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தால் இரண்டாவது டிஸ்க் போகும்வரை யாருக்கும் தெரியாது. லினக்ஸ் சர்வரானாலும் கடையில் வாங்கிய நாஸ் ஆனாலும் சோதனை எச்சரிக்கை அனுப்பும் வசதி அதில் இருக்கும். இன்றைக்கே ஒருமுறை அனுப்பி, வந்து சேர்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.